பென்டிரைவில் வந்த யானைகள்

ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டால் ஸ்ரீமதுரையில் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். கூடலூர் டவுனுக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் ஒரு பக்கம் முதுமலைக் காடு, இன்னொரு பக்கம் தேயிலை, நடுவில் வயல் என்று கிடக்கிற ஊர். காற்றில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் லைன்மேன் வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு லினக்ஸில் ஓடுகிற ஒரு கணினி விளையாட்டை அக்கம்பக்கத்துக் கணினிகளில் ஏற்றப் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். விளையாட்டை எழுதியது சுலபம். அதைப் பேக்கேஜாகக் கட்டி இன்னொருவர் கையில் கொடுத்ததுதான் பெரும்பாடு.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்கு வந்தது. எங்கள் செட்டுக்கும் வந்தது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தெரியும்: விண்டோஸ், பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடித்தளமாக வைத்துக் கட்டியது. அதன் முதல் பதிப்பு 2007இல் வந்திருந்தது. எங்களில் யாருக்கும் இது தெரியாது. விண்டோஸில் அம்புக்குறியை வைத்து என்டர் தட்டுவோம், அவ்வளவுதான்.

லினக்ஸ் பக்கம் எங்களைத் தள்ளியது ஒரு வைரஸ். பாட்டும் படமும் ஏற்றப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கூடலூர் பிரவுசிங் சென்டருக்குப் போவோம். திரும்பி வந்து செருகினால் போல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். உள்ளே இருந்த போட்டோக்களைக் காணோம். அதே பென்டிரைவை லினக்ஸில் செருகினால் மறைந்துபோன போல்டர்கள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். கல்யாண போட்டோவை மீட்டுத் தரச் சொல்லி ஆட்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். சுதந்திர மென்பொருள் தத்துவம் பேசி நான் ஒருவரைக்கூட லினக்ஸுக்குக் கொண்டுவந்ததில்லை. ஷார்ட்கட் வைரஸ் கொண்டுவந்தது.

கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த பிறகு நண்பர்களோடு சேர்ந்து அந்த விளையாட்டை எழுதினோம். ராத்திரி வயல் காவல்தான் கதை. பரண் மேல் ஆள் இருப்பான். காட்டு ஓரத்திலிருந்து யானை இறங்கும். தகரம் தட்ட வேண்டும், டார்ச் அடிக்க வேண்டும், கதிரை மிதிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். சி++ மொழி, எஸ்டிஎல் என்ற நிரல் நூலகம். ஊரில் நிஜமாகவே காவல் இருந்த ஒரு நண்பனிடம் முதல் பதிப்பைக் காட்டியபோது அவன் சிரித்தான். "டேய், யானை நேத்து வந்த வழியிலயே இன்னிக்கும் வருமாடா? நீ தட்டுற தகரத்தை ரெண்டு நாள் கேட்டா அதுக்குப் பழகிடும்." அதற்காகவே யானைக்கு ஞாபகம் வைத்தோம். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது நகராது. விளையாட்டில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

2013 மழைக்காலத்தில் அதை டெப் கோப்பாகக் கட்டிப் பென்டிரைவில் போட்டு ஊருக்கு எடுத்துவந்தேன். டெபியன் குடும்பத்து லினக்ஸ்கள் எல்லாவற்றுக்கும் டெப்தான் முறையான வடிவம். நிரலை எங்கே வைக்க வேண்டும், படங்களை எங்கே வைக்க வேண்டும், மெனுவில் எந்தத் தலைப்பின் கீழ் பெயர் வர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. மெனுவுக்கான சின்னக் கோப்பில் ஆங்கிலப் பெயர் வரிக்குக் கீழே தமிழுக்கென்று தனியாக ஒரு பெயர் வரி சேர்க்கலாம். கணினியைத் தமிழில் வைத்திருப்பவருக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த ஒரு வரியை எழுதியபோது வந்த சந்தோஷம் யானைக்கு நடை பழக்கியபோதுகூட வரவில்லை.

நண்பன் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து டெப் கோப்பை நிறுவச் சொன்னேன். எஸ்டிஎல்-டிடிஎஃப் வேண்டும், ஆனால் அது நிறுவப்படவில்லை. எஸ்டிஎல்-மிக்ஸர் வேண்டும், அதுவும் நிறுவப்படவில்லை. சார்புச் சிக்கல், ஆகவே அமைக்காமல் விடுகிறேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நின்றது. ஒன்று எழுத்தைத் திரையில் வரைய, மற்றது ஒலிக்க. நெட் இருந்தால் ஒரே கட்டளையில் இரண்டும் இறங்கிவிடும். அன்றைக்கு ஊரில் டவரே இல்லை. நண்பனின் தங்கை எட்டிப் பார்த்து, "என்னண்ணா, யானை வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டெபியன்காரர்கள் இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் உலகில் ஒரு நூலகம் கணினியில் ஒரே ஒரு முறைதான் இருக்கும், எல்லா நிரல்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். கல்யாணச் சமையலுக்கு வருகிறவர் மண்டப உருளியையும் கரண்டியையும் நம்பி வெறுங்கையோடு வருவது போல. இடம் மிச்சம். பழுது பார்ப்பதும் சுலபம்: 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிவந்தபோது, அந்த ஒரு நூலகத்தைப் புதுப்பித்ததும் அதைப் பகிர்ந்துகொண்ட அத்தனை நிரல்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு நகல் வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதற்கு எப்போதும் நெட் இருக்க வேண்டும். மலையில் மாட்டுவது அங்கேதான்.

மறுநாள் கூடலூர் பிரவுசிங் சென்டருக்குப் போய் விடுபட்ட நூலகங்களைத் தேடி இறக்கினேன். சென்டர்கார சேட்டன் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கேம்னா ஒரு செட்டப் ஃபைல் வரணும்ல, இது என்ன இத்தனை துண்டு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நூலகத்துக்கு இன்னொன்று வேண்டும், அதற்கு வேறொன்று வேண்டும். எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வந்து வரிசையாக நிறுவினேன். சார்புச் சிக்கல் தீர்ந்தது.

ஆனாலும் விளையாட்டு ஓடவில்லை. இந்த முறை வேறு செய்தி: ஜிலிப்சி 2.15 காணவில்லை.

ஜிலிப்சி என்பது சி மொழியின் அடிப்படை நூலகம். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் கீழே அதுதான் இருக்கிறது. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடுமென்று உறுதி இல்லை. நாங்கள் கட்டியது 2012 ஏப்ரலில் வந்த உபுண்டு 12.04 லினக்ஸில், அதில் இருந்தது 2.15. இதற்கு ஒரு வருஷம் கழித்து, 2013 மே மாதம் வந்த டெபியன் 7இல் இருந்ததோ 2.13. நிதானமாக, சோதித்துச் சோதித்து வெளியிடுவது டெபியனின் சுபாவம். எங்கள் ஊர் மடிக்கணினிகளில் இருந்த பதிப்பு அதைவிடவும் பழையது.

இது எங்களைப் போன்ற மாணவர்களுக்கு மட்டும் வந்த தலைவலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த டெபியன் மாநாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸே இதைச் சொல்லிப் புலம்பிய வீடியோ பிறகு கண்ணில் பட்டது. கடலடியில் மூழ்குகிறவர்கள் குறிப்பு எழுதிவைக்க அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற நிரலை விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஓடத் தயாராகக் கட்டித் தந்துவிட முடிகிறது, லினக்ஸுக்குத் தர முடியவில்லை, ஒவ்வொரு விநியோகத்துக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்பது அவர் புகார். லினக்ஸ் கருவைப் படைத்தவருக்கே இந்தக் கதி என்றால் ஸ்ரீமதுரைக்காரனுக்கு என்ன!

வழி என்னவோ சாதாரணமானதுதான். நாம் ஆதரிக்க நினைக்கிற கணினிகளில் எது மிகப் பழையதோ அதில் கட்ட வேண்டும். டெபியனின் பழைய பதிப்பு ஒன்றை என் கணினிக்குள்ளேயே ஒரு தனி அறை போல அமைத்து, அதற்குள் உட்கார்ந்து கட்டினேன். எஸ்டிஎல் நூலகங்களை நிரலுக்குப் பக்கத்தில் ஒரு போல்டரில் வைத்து, முதலில் அங்கே தேடு என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தேன். எல்லாவற்றையும் கூடவே வைத்துவிடவும் கூடாது. ஜிலிப்சியைக் கூட வைக்கக் கூடாது. வரைகலை டிரைவரோடு பேசுகிற நூலகத்தை வைக்கவே கூடாது, அது அந்தந்தக் கணினியின் சில்லுக்கு ஏற்றது. சி++ நூலகத்தின் பழைய நகலைக் கூட வைத்தால் இன்னொரு வம்பு: அந்தக் கணினியின் புதிய வரைகலை டிரைவர் அதைவிடப் புதியதைக் கேட்கும், திரை கறுப்பாகவே நிற்கும். லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தைப் பயன்படுத்திய பலர் இதே காரணத்தால் அவதிப்பட்டிருக்கிறார்கள். எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்பதுதான் பேக்கேஜ் கட்டுவதில் பாதி வேலை.

இத்தனைக்கும் பிறகு நண்பன் வீட்டில் விளையாட்டு திறந்தது. யானையும் வந்தது. தமிழ்தான் சரியாக வரவில்லை.

'யானை' என்ற சொல்லில் ஐகாரக் குறி னகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'வெளிச்சம்' என்பதில் கொம்பு வகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படும். திரையில் வரையும்போது அதை இடம் மாற்றுவது தனி வேலை. ஜினோம் போன்ற டெஸ்க்டாப்புகளில் அந்த வேலையைப் பாங்கோ பார்த்துக்கொள்கிறது. அன்றைய எஸ்டிஎல்-டிடிஎஃப் ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் அடுத்த எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். போதாக்குறைக்கு, எந்தக் கணினியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கும் என்றும் நிச்சயம் இல்லை. ஆகவே எல்லா வாசகங்களையும் பாங்கோ வழியாக லோகித் தமிழ் எழுத்துருவில் முன்கூட்டியே வரைந்து, படங்களாக்கிக் கூடவே வைத்தோம். எஸ்டிஎல்-டிடிஎஃப்பில் இடமாற்ற வேலையைப் பார்க்கும் ஹார்ஃப்பஸ் நுழைந்து இந்தக் குறை தீர 2022 ஆனது. இடையில் தமிழில் விளையாட்டு எழுதிய எத்தனை பேர் கொம்பைப் பார்த்துப் பயந்து ஆங்கிலத்துக்குப் போனார்களோ.

படங்களாக்கியதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. சித்தி வாழ்க்கைப்பட்டது சுல்தான் பத்தேரியில். எல்லை தாண்டினால் கேரளம், அங்கே கதையே வேறு. 2001 வாக்கில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பிறகு முழுக்க லினக்ஸுக்கு மாறியிருந்தது. பள்ளிக்கென்றே உபுண்டுவைத் தழுவிய பதிப்பு, பாடப் புத்தகம், செய்முறைத் தேர்வு எல்லாம் அதில்தான். சித்தி பையனுக்கு லினக்ஸ் என்பது வைரஸ் வந்தால் ஓடி ஒளிகிற இடம் இல்லை. ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட் என்ற சிறுவர் நிரல்கள் அவனுக்குப் பால்ய சிநேகிதர்கள். எங்கள் விளையாட்டைத் திறந்து இரண்டு யானைகளை விரட்டியதும், "அண்ணா, மலையாளம் இல்லையா?" என்றான். மலையாளத்துக்கும் கொம்பு உண்டு, எஸ்டிஎல்-டிடிஎஃப்பில் அதற்கும் அதே கதி. படப் போல்டர் ஒன்றைக் கூடுதலாகச் செய்தோம், முடிந்தது. எங்கள் விளையாட்டை முதலில் ஆசையாக விளையாடியவர்கள் பத்தேரிப் பிள்ளைகள்தான். தமிழ்நாடு மாணவர்கள் கையில் லினக்ஸைக் கொடுத்தது. கேரளம் அதைப் பாடமாக்கியது. இயந்திரம் கொடுப்பது மட்டும் போதாது என்று நான் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள், ஆனாலும் இது என் அபிப்பிராயம்.

டெப்பை விட்டு நாங்கள் ஆப்இமேஜுக்கு மாறியது அதற்குப் பிறகு. 2004இல் சைமன் பீட்டர் கிளிக் என்ற பெயரில் தொடங்கிய யோசனை, பெயர்கள் மாறி ஆப்இமேஜ் ஆனது. ஒரு நிரலுக்கு ஒரே கோப்பு. நிறுவ வேண்டாம், திறந்தால் ஓடும். சேட்டன் கேட்ட செட்டப் ஃபைலைவிட இது மேல் என்று அவரிடமே காட்டினேன். "இப்ப சரி" என்று சொல்லி, அங்கேயே தன் பென்டிரைவில் ஒரு நகல் போட்டுக்கொண்டார்.

அதிலும் ஒரு கொக்கி உண்டு. பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 வடிவில் இருக்கும். இந்தக் கோப்பை இயக்கலாம் என்ற லினக்ஸ் அனுமதிக் குறியை வைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. பென்டிரைவில் இருந்தபடியே ஆப்இமேஜை எத்தனை முறை தட்டினாலும் அசையாது. வீட்டுப் போல்டருக்கு நகலெடுத்து, பண்புகளில் அனுமதியைக் குறியிட்டால்தான் ஓடும். நாங்கள் எழுதிய உதவிக் குறிப்பில் முக்கால்வாசி இதுதான்: நகலெடு, வலது பொத்தானைத் தட்டு, அனுமதி கொடு. அதைத் தாளில் அச்சடித்துப் பென்டிரைவோடு கொடுத்ததும் உண்டு. பிறகு 2022இல் வந்த உபுண்டு 22.04, ஆப்இமேஜ் நம்பியிருந்த பழைய ஃபியூஸ் நூலகம் இல்லாமல் வந்தது. எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுவரும் கோப்புக்குக்கூட ஒரு சார்பு மிச்சம் இருந்திருக்கிறது!

இன்றைக்கு எல்லாரும் பேசுவது ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற பேக்கேஜ் வடிவங்களை. ஃபிளாட்பேக்கில் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ள ஒரு பொது அடித்தளம் முதலில் இறங்கும், நூற்றுக்கணக்கான எம்பி. கோயம்புத்தூரில் அது பெரிய விஷயமில்லை, ஸ்ரீமதுரை மழையில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். ஆனால் ஃபிளாட்பேக்கில் நிரலையும் அதன் அடித்தளத்தையும் சேர்த்துப் பென்டிரைவில் எழுதிக் கொடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. எங்களைப் போன்ற ஊர்களுக்கு அதுதான் வரப்பிரசாதம்.

விளையாட்டு உலகம் வேறு வழியில் போய்விட்டது. 1998இல் தொடங்கிய லோகி என்ற நிறுவனம் பெரிய விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்றுப் பார்த்து 2002இல் மூடிக்கொண்டது. எஸ்டிஎல்லை எழுதிய சாம் லான்டிங்கா அங்கே வேலை பார்த்தவர்தான். 2013 பிப்ரவரி 14 அன்று வால்வ் நிறுவனம் ஸ்டீமை முறையாக லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, உபுண்டு 12.04 நூலகங்களை மொத்தமாக ஒரு கட்டாகச் சேர்த்து, எல்லா விளையாட்டும் இதன் மேல் ஓடட்டும் என்றது. நாங்கள் ஒரு போல்டரில் செய்ததை அவர்கள் பெரிய அளவில் செய்தார்கள். 2018இல் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வந்தது, 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தது. விண்டோஸுக்குக் கட்டியதே லினக்ஸில் ஓடுகிறது என்றதும், லினக்ஸுக்குத் தனியாக ஏன் கட்ட வேண்டும் என்று பலர் நிறுத்திவிட்டார்கள்.

பெரிய கம்பெனிகள் நிறுத்தட்டும், கணக்குப் பார்த்தால் அவர்கள் செய்வது சரிதான். ஆனால் புரோட்டான் வழியாக வரும் புதிய விளையாட்டுகள் பெரும்பாலும் வல்கன் என்ற வரைகலை இடைமுகத்தைக் கேட்கும். 2011, 2012 காலத்து மலிவு மடிக்கணினிகளில் இருந்த இன்டெல் வரைகலையில் அது ஒழுங்காகக் கிடையாது. விண்டோஸ் அதில் மூச்சுவாங்கும். லேசான ஒரு லினக்ஸைப் போட்டால் அந்த மடிக்கணினி இன்றைக்கும் ஓடுகிறது. நண்பன் வீட்டில் அவன் மகள் அதில்தான் படம் வரைகிறாள். அந்தக் கணினிக்கு லினக்ஸுக்கென்றே கட்டிய நிரல்தான் பொருந்தும். அதைக் கட்டித் தர நம்மைப் போன்ற சின்ன ஆட்களை விட்டால் ஆளில்லை.

தமிழில் மென்பொருளோ விளையாட்டோ எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு: விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்ததோடு நிறுத்தாமல் லினக்ஸுக்கும் ஒரு கோப்பு கொடுங்கள். எழுத்துருவை உள்ளேயே வையுங்கள். உங்கள் கணினியில் ஓடியதை நம்பி வெளியிட்டுவிடாதீர்கள். ஆதரிப்பதாகச் சொல்கிற பதிப்புகளில் மிகப் பழையது எதுவோ அது இருக்கிற கணினி ஒன்றைக் கடன் வாங்கி, நெட்டைத் துண்டித்துவிட்டு, பென்டிரைவிலிருந்து நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே 'யானை' ஒழுங்காகத் தெரிந்தால் வெளியிடுங்கள்.